ஈஸி மோடு கேட்டா உங்களுக்கு ஏங்க வலிக்குது?

கேம் விளையாடுறவங்க கிட்ட ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. தான் நாற்பது தடவை செத்துச் செத்து ஜெயிச்ச பாஸை இன்னொருத்தன் நாலு தடவையில ஜெயிச்சுட்டா பொறுக்காது. 2019-ல செகிரோ வந்தப்போ இந்தச் சண்டை உச்சத்துக்குப் போச்சு. அந்த கேம்ல கஷ்டத்தைக் குறைக்க ஆப்ஷனே கிடையாது. "ஈஸி மோடு வைங்கப்பா"ன்னு கேட்டவங்களை "உனக்கெல்லாம் எதுக்கு கேம்"னு விரட்டினாங்க.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். கஷ்டமான கேம் எனக்குப் பிடிக்கும். ஆனா கஷ்டம் வேற, கதவைச் சாத்துறது வேற. கை நடுங்குறவனுக்கு, ஒரு கை மட்டும் இருக்கிறவனுக்கு பட்டனை அரை நொடிக்குள்ள அழுத்தச் சொல்றது சவால் இல்லைங்க.

2018-ல வந்த செலஸ்ட்டைப் பாருங்க. மலை ஏறுற கேம், முழி பிதுங்கும். ஆனா அதுல அசிஸ்ட் மோடு இருக்கு. வேகத்தைப் பாதி வரைக்கும் குறைக்கலாம், சாகாமலே கூட விளையாடலாம். அதனால என் மலை குட்டையாகிடுச்சா? இல்லையே! நான் அந்த மெனு பக்கமே போகல, அவ்வளவுதான். 2020-ல வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துல இதுக்குன்னு அறுபதுக்கும் மேல செட்டிங்ஸ். பார்வை இல்லாதவங்க சத்தத்தை மட்டும் வச்சே முடிச்சிருக்காங்க. நான் கண்ணை நல்லாத் திறந்து வச்சுக்கிட்டே வழி தெரியாம சுத்தின கேம் அது :-)

வன்பொருள்தான் இன்னும் கொஞ்சம் இடிக்குது. மைக்ரோசாஃப்ட் 2018-ல ஒரு அடாப்டிவ் கன்ட்ரோலர் விட்டாங்க. ரெண்டு பெரிய வட்டப் பட்டன், பின்னாடி 19 ஓட்டை. காலால, முழங்கையால, தாடையால அழுத்துற சுவிட்சுகளை அதுல செருகிக்கலாம். அருமையான யோசனை. ஆனா விலை 100 டாலர், சுவிட்செல்லாம் தனிக்காசு. நம்ம ஊர் மாணவனோட பாக்கெட் மணிக்கு இதெல்லாம் எட்டாக்கனி.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு மெனக்கெட்டு சொல்றேன்னா, விஷயம் கேம் மட்டும் இல்ல. யார் கூட விளையாடுறோம்கிறதுதான். எங்க ஹாஸ்டல்ல ஒரு நண்பனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. ராத்திரி எல்லாரும் அமாங் அஸ் ஆடும்போது "சிவப்புதான் கொன்னான்"னு ஒருத்தன் கத்துவான், இவன் பச்சைக்கு ஓட்டுப் போடுவான். எல்லாரும் சிரிப்போம், அவனும் சிரிப்பான். கொஞ்ச நாள்ல "படிக்கணும்டா"ன்னு வராம நின்னுட்டான். நிறத்தை விட்டுட்டுப் பேரைச் சொல்லித்தான் பேசணும்னு நாங்களே ஒரு விதி வச்சோம். அடுத்த ராத்திரியே தலையணையோட வந்துட்டான். பரீட்சை என்னாச்சுன்னு யாரும் கேட்கல.

இப்போ நார்வே நாட்டு மாட்ஸ் ஸ்டீன் கதை. டியூஷேன் தசைச்சிதைவு நோய். சக்கர நாற்காலியில, விரல் மட்டும் அசையுற நிலையில கூட வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாடிட்டு இருந்தார். அதுல அவர் பேரு ஐபெலின். 2014-ல 25 வயசுல இறந்துட்டார். மகனுக்கு நண்பர்களே இல்லாம போச்சேன்னு பெத்தவங்களுக்கு ரொம்ப வருத்தம். அப்பா மகனோட வலைப்பூவைத் திறந்து மரணச் செய்தியைப் போட்டார். அப்புறம் முன்பின் தெரியாதவங்ககிட்ட இருந்து மெயில் மேல மெயில். கேம்ல ஒண்ணா இருந்த குழுவினர் வேற வேற நாட்டுல இருந்து இறுதிச்சடங்குக்கு வந்தாங்க. ஆட்டிசம் இருக்கிற மகனோட நெருங்க முடியாம தவிச்ச ஒரு அம்மாவுக்கு, "அவன் கூட கேம் விளையாடிப் பாருங்க"ன்னு வழி சொன்னதே மாட்ஸ்தான். 2024-ல நெட்ஃபிளிக்ஸ்ல இதை ஆவணப்படமா போட்டாங்க. பார்க்கலைன்னா பாருங்க, கர்சீஃப் எடுத்து வச்சுக்கோங்க.

"எந்நேரமும் அந்தப் பொட்டியையே பார்த்துட்டு இரு, யார்கிட்டயும் பேசாத"ன்னு எங்க அம்மா திட்டும்போது இந்தக் கதையைத்தான் சொல்லலாம்னு இருக்கேன். நியாயமாப் பார்த்தா அம்மா பக்கமும் பாயிண்ட் இருக்கு. சாப்பாட்டுத் தட்டை வச்சுட்டு "ஒரு மேட்ச்"னு ஓடுறதுக்கு மாட்ஸைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. அவருக்கு வெளியே கதவு சாத்தியிருந்தது, எனக்குத் திறந்துதான் கிடக்கு. ஆனா பேச்சே இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. ஹெட்செட்ல நாங்க பேசுற பேச்சுக்கு வார்டன் ரெண்டு தடவை கதவைத் தட்டிட்டாரு.

இந்த லீவுல அக்காவை உட்கார வச்சு இட் டேக்ஸ் டூ ஆட வைக்கணும். ரெண்டு பேர் இல்லாம அந்த கேம் நகராது. அவ கன்ட்ரோலரையே தொட்டதில்ல. ஒரு கட்டைவிரல்ல நடக்கணும், இன்னொண்ணுல கேமராவைத் திருப்பணும்னதும் "போடா"ன்னு எழுந்துடுவா. பொறுமையாச் சொல்லிக் குடுக்க என்ன வழி? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க.