யார் கையில் இருப்பது நல்ல துப்பாக்கி?

போன வருஷம் டாலஸுக்கு வடக்கே பெண் வீட்டில் ஐந்து மாதம் இருந்தேன். ஒரு நாள் பால் வாங்க மாப்பிள்ளையோடு கடைக்குப் போயிருந்தோம். பில் போடும் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவருக்கு ஐம்பது வயது இருக்கும். தள்ளுவண்டியில் பால், பிரெட், நாய்க்கு ஒரு மூட்டைத் தீனி. இடுப்பு பெல்ட்டில் தோல் உறை, அதற்குள் கைத்துப்பாக்கி. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. மாப்பிள்ளை காதோரமாகச் சொன்னார்: "அப்படிப் பாக்காதீங்க மாமா. இங்க அது சட்டப்படி சரிதான். கையில எடுத்தாத்தான் பயப்படணும்."

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. கையில் எடுத்த பிறகு பயப்படுவதற்கு எவ்வளவு நேரம் இருக்கும்?

டெக்சாஸில் உரிமம் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரிய அணிந்து போகலாம் என்று 2016 ஜனவரியில் சட்டம் வந்தது. 2021 செப்டம்பரில் உரிமமும் வேண்டாம் என்றாகிவிட்டது. நீளமான ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க அதற்கு முன்பே தடை கிடையாது. உரிமம் இல்லாமலே துப்பாக்கி எடுத்துப்போக விடும் மாநிலங்கள் இன்று 29. பயிற்சி எடுத்தாயா என்று கேட்பார் யாருமில்லை.

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். வெள்ளைக்காரர், தங்கமான மனிதர், மாலை நடைக்கு என்னோடு வருவார். அவர் வாதம் அமெரிக்காவில் எல்லோரும் சொல்வதுதான்: துப்பாக்கி வைத்திருக்கும் கெட்டவனைத் தடுக்கத் துப்பாக்கி வைத்திருக்கும் நல்லவன் வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தெருக்கூத்தில் கட்டியக்காரன் முன்னால் வந்து, இதோ வருகிறார் துச்சாதனன் என்று அறிவித்துவிடுவான். அறிவிக்காவிட்டாலும் வேஷத்தைப் பார்த்தால் தெரியும். கடைத்தெருவில் கட்டியக்காரன் கிடையாது. நல்லவன் வேஷம், கெட்டவன் வேஷம் என்று இரண்டு கிடையாது. இரண்டு பேர் கையிலும் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரித் துப்பாக்கி.

2015 அக்டோபர் 31 காலை, கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒரு பெண்மணி ஜன்னல் வழியாகப் பார்த்தார். தெருவில் ஒருவன் ரைஃபிளோடு போகிறான். 911-ஐ அழைத்தார். இந்த மாநிலத்தில் துப்பாக்கியை வெளிப்படையாக எடுத்துப்போகச் சட்டம் இடம் தருகிறது என்று எதிர்முனையில் விளக்கினார்கள். சட்டப்படி அது சரியான பதில். சில நிமிடங்களில் அவன் மூன்று பேரைக் கொன்றான். அந்த அம்மாள் பார்க்க வேண்டியதைப் பார்த்தார், செய்ய வேண்டியதைச் செய்தார். ஆனால் அவர் கண்ணில் பட்ட அபாயத்துக்கு 'அபாயம்' என்ற பெயரையே சட்டம் எடுத்துவிட்டிருந்தது.

இதற்கு முந்தைய வருஷம், 2014 ஆகஸ்டில், ஒஹையோவின் பீவர்க்ரீக்கில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கேயும் வெளியே தெரியத் துப்பாக்கி கொண்டுபோகச் சட்டம் அனுமதிக்கிறது. வால்மார்ட்டில் ஒரு கறுப்பின இளைஞர் கடை அலமாரியில் இருந்த காற்றுத் துப்பாக்கியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, போனில் பேசியபடி உலாத்தினார். இன்னொரு வாடிக்கையாளர் 911-ஐ அழைத்து, ஆட்களை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறான் என்றார். வந்த போலீஸ் சில நொடிகளில் சுட்டுவிட்டது. பயந்து ஓடிய வேறொரு பெண்மணி மாரடைப்பில் இறந்தார். நிஜ ரைஃபிளோடு தெருவில் போனவனுக்குச் சட்டம் குடை பிடித்தது, விளையாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவருக்கு அந்தக் குடை கிடைக்கவில்லை. வித்தியாசம் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பார்ப்பவர் கண்ணில் யார் எப்படிப் பட்டார்கள் என்பதுதான்.

சரி, பக்கத்தில் ஆயுதத்தோடு நிற்கும் அந்த நல்லவருக்கு வருவோம். 2011 ஜனவரி 8, அரிசோனாவின் டூசான். காங்கிரஸ் உறுப்பினர் காப்ரியல் கிஃபோர்ட்ஸ் தலையில் சுடப்பட்டார், ஆறு பேர் இறந்தார்கள். பக்கத்து மருந்துக்கடையில் இருந்த ஓர் இளைஞர் சத்தம் கேட்டு, பையில் கைத்துப்பாக்கியோடு ஓடி வந்தார். பாதுகாப்பு விசையைக்கூடத் தள்ளிவிட்டிருந்தார். வந்ததும் அவர் கண்ணில் பட்டவர் கையில் துப்பாக்கி வைத்திருந்த ஒரு மனிதர். சுடலாமா? அவர் சுடவில்லை, பாய்ந்து கையைப் பிடித்தார். அந்த மனிதர் கொலைகாரனிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கி வைத்திருந்தவர்! ஒரு நொடி முந்தியிருந்தால், அன்றைய தினத்தின் வீரரை இன்னொரு வீரர் கொன்றிருப்பார்.

டூசானில் தப்பியது கொலராடோவின் ஆர்வாடாவில் தப்பவில்லை. 2021 ஜூன் 21. ஒருவன் ஒரு போலீஸ் அதிகாரியைச் சுட்டுக் கொன்றான். பக்கத்துக் கடையில் இருந்த ஒருவர் தன் கைத்துப்பாக்கியோடு ஓடி வந்து கொலையாளியைச் சுட்டு வீழ்த்தினார். ஆசிரியர் நண்பர் சொல்லும் நல்லவர் இவரேதான், ஒரு குறையும் கிடையாது. அவன் கையிலிருந்த ரைஃபிளை இவர் எடுத்தார். அந்தக் கணத்தில் இன்னொரு போலீஸ் அதிகாரி பார்த்தார். ரைஃபிளோடு ஒரு மனிதன். சுட்டார். அதிகாரி மேல் வழக்குப் போட முகாந்திரம் இல்லை என்று மாவட்ட வழக்கறிஞர் முடிவு செய்தார். அது தவறு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. 2023-இல் இறந்தவரின் தாயாருக்கு நகரம் 28 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

கவனியுங்கள், பயிற்சி பெற்ற போலீஸுக்கே கண் ஏமாறுகிறது. 2016 ஜூலை 7 அன்று இதே டாலஸ் நகரில், ஊர்வலத்தின்போது ஐந்து போலீஸ்காரர்களை ஒருவன் சுட்டுக் கொன்றான். ஊர்வலத்தில் ரைஃபிள் தோளில் மாட்டிய பலர் இருந்தார்கள், சட்டப்படி. சத்தம் கேட்டதும் அவர்களும் ஓடினார்கள். அவர்களில் ஒருவரின் படத்தைத் தேடப்படும் நபர் என்று போலீஸே ட்விட்டரில் போட்டுவிட்டது. அவர் தன் துப்பாக்கியைப் போலீஸ்காரரிடம் கொடுத்துவிட்ட அப்பாவி. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று தங்களுக்கே பிரித்தறிய முடியவில்லை என்று அப்போதைய போலீஸ் தலைவர் டேவிட் பிரவுன் வெளிப்படையாகவே சொன்னார். அதற்குப் பிறகும் டெக்சாஸ் சட்டமன்றம் உரிமத்தை எடுத்துவிட்டதே!

இந்தியானா கிரீன்வுட்டை நண்பர் சும்மா விடுவாரா? 2022 ஜூலையில் அங்கே ஒரு மாலில் மூன்று பேரைக் கொன்றவனை, 22 வயது இளைஞர் ஒருவர் 15 நொடிகளில் சுட்டு வீழ்த்தினார். உண்மை. பல உயிர்கள் பிழைத்தன, அவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அங்கே சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஒருவன் சுட்டுக்கொண்டிருந்தான், அவனைப் பார்த்து இவர் சுட்டார். 'இவன் சுடப்போகிறானோ' என்று ஊகிக்கும் வேலையே இவருக்கு வரவில்லை. வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தும் சட்டம் பொதுஜனத்தின் தலையில் கட்டுவது அந்த ஊகிக்கும் வேலையைத்தான்.

சால்ட் லேக் சிட்டியில் 2025 ஜூன் 14 அன்று நடந்ததைப் பாருங்கள். பெரிய ஊர்வலம், ஆயிரக்கணக்கான ஜனம். ஒருவர் சுவரோரம் ஒதுங்கிப் பையிலிருந்து ரைஃபிளை வெளியே எடுத்தார். யூட்டாவில் ரைஃபிளோடு ஊர்வலத்தில் நடப்பது குற்றம் இல்லை. ஊர்வலத்தின் அமைதி காக்க வந்த தொண்டர் ஒருவரிடமும் துப்பாக்கி இருந்தது. இவன் கூட்டத்தைச் சுடப்போகிறான் என்று முடிவு செய்து மூன்று முறை சுட்டார். ஒரு குண்டு ரைஃபிள்காரரைக் காயப்படுத்தியது. இன்னொன்று கூட்டத்தில் போய்க்கொண்டிருந்த ஓர் ஆடை வடிவமைப்பாளரைக் கொன்றது. ரைஃபிள்காரர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. முதலில் அவரையே கொலைச் சந்தேகத்தில் சிறையில் அடைத்து, ஒரு வாரத்துக்குள் விட்டார்கள். துப்பாக்கி கொண்டுவந்தவருக்கு உரிமை, சுட்டவருக்குத் தற்காப்பு வாதம். வெறுங்கையோடு வந்தவருக்கு என்ன சட்டம்?

இந்தச் சட்டங்களின் பிரியர்களுக்கு ஒரு பழைய கதையும் ஞாபகப்படுத்த வேண்டும். 1967 மே மாதம் கறுப்புச் சிறுத்தைகள் கட்சியினர் முப்பது பேர் துப்பாக்கிகளோடு கலிஃபோர்னியா சட்டமன்றக் கட்டடத்துக்குள் போனார்கள். அதுவும் அன்றைக்குச் சட்டப்படி சரிதான். அந்த வருஷமே, குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் கொண்டுபோகக் கூடாது என்ற சட்டத்தில் கவர்னர் ரீகன் கையெழுத்துப் போட்டார். தேசிய ரைஃபிள் சங்கமே அதை ஆதரித்தது. பார்த்தவர்களுக்குப் பயம் வந்தால் சட்டம் மாறும். யாருடைய பயம் என்பதுதான் கேள்வி.

ஒரு மாலை நண்பரிடம் கேட்டேன்: "சால்ட் லேக் சிட்டியில் நீங்கள் நின்றிருந்தால் சுட்டிருப்பீர்களா?" கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, "ஆளைப் பார்த்தால் தெரிந்திருக்கும் சார்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. 2017-இல் கேன்சஸின் ஒலாத்தேயில் ஒருவன் மதுக்கடையில் இரண்டு இந்தியப் பொறியாளர்களைப் பார்த்தான், சுட்டான், ஒருவர் இறந்தார். ஈரானியர்களைச் சுட்டேன் என்று பிறகு சொன்னான். அது வெறுப்பில் நடந்த கொலை, நண்பரை அவனோடு சேர்க்கவே மாட்டேன். ஆனாலும், ஆளைப் பார்த்தால் தெரியும் என்று ஒருவர் சொல்லும்போது, பார்க்கப்படும் ஆள் நானாகவும் என் பேரனாகவும் இருக்கலாம் இல்லையா? அந்த மதுக்கடையில் கொலையாளி மேல் பாய்ந்து குண்டடி பட்ட வாடிக்கையாளர் கையில் ஆயுதம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

துப்பாக்கியையே ஒழி என்று நான் கேட்கவில்லை, அது அந்த நாட்டில் நடக்காது. வாஷிங்டன் மாநிலம் 2021-இல் அனுமதி பெற்ற ஊர்வலங்களில் துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்துவதைத் தடை செய்தது. வானம் இடிந்து விழவில்லை. மற்ற மாநிலங்களுக்கு என்ன கேடு?

டெக்சாஸிலும் கடைக்காரர் நினைத்தால் தடுக்கலாம். 30.07 என்ற சட்டப்பிரிவின்படி, ஓர் அங்குல உயர எழுத்தில், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், உரிமம் உள்ளவர்கள் வெளியே தெரியும் கைத்துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது என்று வாசலில் பலகை வைக்கலாம். நாங்கள் பால் வாங்கிய கடையில் அந்தப் பலகை இல்லை. இரண்டு மைல் தள்ளி இன்னொரு கடையில் இருந்தது. அங்கே பால் நாற்பது சென்ட் அதிகம். ஊருக்குத் திரும்பும் வரை அங்கேதான் வாங்கினோம்.