காலில்லாத பயணிகள்

மாட்டுக்குக் கால் உண்டு. ஓரிடத்தில் புல் தீர்ந்துபோனால் அடுத்த இடத்துக்கு நடந்துவிடும். மரத்துக்கு அந்த வசதி இல்லை. முளைத்த இடத்திலேயே வளர்ந்து, வயதாகி, அங்கேயே பட்டும் போகிறது. ஆனால் அதன் பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டால் பிழைப்பது கஷ்டம்.

ஏன் தெரியுமா? பழம் உதிரும் பருவத்தில், ஒரு மழை பெய்த பிறகு, வேப்ப மரத்தடியில் போய்ப் பாருங்கள். குட்டிக் குட்டிச் செடிகள் நெருக்கமாக முளைத்திருக்கும். சில மாதம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலானவை காணாமல் போயிருக்கும். வெயிலை மேலே தாய் மரமே வாங்கிக்கொள்கிறது. தண்ணீரை அதன் வேர்கள் குடித்துவிடுகின்றன. மிச்சம் மீதிக்கு அத்தனை செடிகளும் போட்டி போடுகின்றன. ஆகவே, விதை தாயை விட்டுத் தள்ளிப் போவது நல்லது. காலில்லாமல் எப்படிப் போவது? அதற்குத்தான் செடிகள் வேறு வேறு வாகனங்களை வைத்திருக்கின்றன.

முதல் வாகனம் காற்று. எருக்கங்காய் முற்றி வெடித்ததும், ஒவ்வொரு விதையும் பட்டு போன்ற வெள்ளைக் குஞ்சத்தோடு மிதந்து கிளம்புகிறது. கேரளத்துச் சிறுவர்கள் இதற்கு 'அப்பூப்பன் தாடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்பூப்பன் என்றால் தாத்தா.

இரண்டாவது தண்ணீர். தேங்காய் மட்டையின் நாருக்குள் காற்று அடைபட்டிருப்பதால், அது மூழ்காமல் கடலில் மிதக்கிறது. சுந்தரவனத்திலும் பிச்சாவரத்திலும் சேற்று நீரில் வளரும் சுரபுன்னை இன்னும் கெட்டிக்கார மரம். அதன் விதை, தாய் மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் மாதிரி நீண்டுவிடுகிறது. பிறகுதான் விழுகிறது. சேறு இருந்தால் குத்தி நிற்கும். தண்ணீர் இருந்தால் மிதந்து போய் வேறு கரையில் வேர் பிடிக்கும்.

சில செடிகள் யாரையும் நம்புவதில்லை. முற்றிய காசித்தும்பைக் காயை லேசாகத் தொட்டாலே போதும், படீரென்று சுருண்டு விதைகளை வீசி எறியும்.

நாயுருவி வேறு வழி கண்டுபிடித்திருக்கிறது. பக்கத்தில் போகிறவர்களின் துணியிலும், ஆட்டின் ரோமத்திலும் ஒட்டிக்கொண்டு இலவசமாகப் பயணம் செய்கிறது. ஐரோப்பாவிலும் இப்படி ஒட்டும் செடிகள் உண்டு. 1941-ல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல், தன் நாயின் ரோமத்தில் ஒட்டியிருந்த காய்களை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நுனியில் சின்னச் சின்னக் கொக்கிகள்! உங்கள் ஷூவிலும் பையிலும் 'பர்ர்' என்ற சத்தத்தோடு பிரிகிறதே வெல்க்ரோ, அது பிறந்தது இப்படித்தான்.

ஆனால் இலவசப் பயணம் எல்லா விதைக்கும் கிடைக்காது. கூலி கொடுத்துப் போகிற விதைகளும் உண்டு. அந்தக் கூலிதான் பழம். விதை தயாராகும்வரை பல காய்கள் பச்சையாக, புளிப்பாகவோ துவர்ப்பாகவோ இருக்கும். தயாரானதும் நிறம் மாறி, இனித்து, 'வாருங்கள், சாப்பிடுங்கள்' என்று கூப்பிடும். பறவை பழத்தைத் தின்றுவிட்டு விதையை வேறு எங்கோ எச்சத்தோடு போடும். டெல்லியானாலும் மதுரையானாலும், பழைய கட்டடச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால், அதை நட்டது பெரும்பாலும் ஒரு பறவைதான்.

சின்ன விதையைச் சின்னப் பறவை விழுங்கிவிடும். பெரிய விதையை? அதற்குப் பெரிய வாய் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வடகிழக்குக் காடுகளிலும் வாழும் இருவாச்சிக்கு அது இருக்கிறது. மலை இருவாச்சி மூன்றடிக்கும் மேல் நீளமானது. பறந்தால், பழைய நீராவி ரயில் வருவது போலச் சிறகுச் சத்தம் கேட்கும். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். சின்ன இடுக்கு ஒன்றுதான் மிச்சம் இருக்கும். அதன் வழியாக ஆண் பறவை தினமும் பழம் ஊட்டும். பழத்துக்காகக் காடெல்லாம் சுற்றும்போது, பெரிய விதைகளைச் சேதமில்லாமல் கக்கிவிட்டுப் போகும். காட்டில் அதுதான் விவசாயி.

இங்கேதான் ஒரு சிக்கல். மரத்துக்கு இந்தப் பறவை வேண்டும்; பறவைக்கு, பொந்து உள்ள பெரிய மரம் வேண்டும். ஒன்றை அழித்தால் மற்றதும் தவிக்கும். இருவாச்சியை வேட்டையாடிவிட்டால், பெரிய விதை கொண்ட பழங்கள் பலவும் மரத்தடியிலேயே விழுந்து குவியும். நிழலில் முளைத்து நிழலிலேயே வாடும்.

அருணாசலப் பிரதேசத்தின் பக்கே காட்டுப் பக்கம் வாழும் நிஷி மக்கள், இருவாச்சி அலகைத் தொப்பியில் சூடும் வழக்கம் உள்ளவர்கள். 2000-க்குப் பின், நிஜ அலகுக்குப் பதிலாக ஃபைபர் கிளாஸ் அலகைப் பலர் வைத்துக்கொண்டார்கள். முன்பு வேட்டைக்குப் போன சிலரே பின்னர் இருவாச்சிக் கூடுகளுக்குக் காவல்காரர்களானார்கள். தொப்பியின் அழகும் குறையவில்லை, காட்டின் விவசாயியும் பிழைத்தது.

நீங்களும் விதைக்கு வாகனம் ஆகலாம். மழைக்காலம் முடிந்ததும் பழைய சாக்ஸ் ஒன்றை ஷூவுக்கு மேலே மாட்டிக்கொண்டு, பெரியவர் ஒருவரோடு புல்வெளியில் நடந்துவிட்டு வாருங்கள். வீடு திரும்பி, ஒட்டியிருப்பதை எண்ணிப் பாருங்கள். பிறகு சாக்ஸை ஒரு தொட்டி மண்ணில் புதைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். பத்துப் பதினைந்து நாளில், உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு வந்த பயணிகள் சிலர் தலைகாட்டலாம்.