போருக்குக் கடன் கொடுத்தவர்களும் குற்றவாளிகளே

இராக் அதிபர் சதாம் உசேன் குவைத்தைப் பிடித்ததைப் பேராசைக் கணக்கில் எழுதிவிட்டு உலகம் கைகழுவிக்கொண்டது. 1990 ஆகஸ்ட் 2 அன்று எல்லை தாண்டிய டாங்கிகளுக்குப் பின்னால் ஈரானுடன் நடந்த எட்டாண்டுப் போரின் கடன்பாக்கி இருந்தது. அந்தக் கடனைக் கொடுத்தவர்களின் பெயரும் சேர்ந்தால்தான் குற்றப்பத்திரிகை முழுமையாகும்.

1980 செப்டம்பரில் ஈரான்மீது பாய்ந்தபோது இராக்கின் கஜானா நிரம்பியிருந்தது. எல்லையில் பிணங்கள் விழ, பாக்தாதில் சாலைகளும் கட்டடங்களும் எழுந்தன. போரில் மகனை இழந்த குடும்பங்களுக்குக் காரும் மனையும் கிடைத்தன. மக்கள் வாய்திறக்காமலிருக்கக் கொடுத்த கூலி அது. இரண்டே ஆண்டில் கையிருப்பு கரைந்தது. 1982இல் சிரியா தன் மண் வழியே சென்ற எண்ணெய்க் குழாயை மூடிவிட்டது. 1983இல் பெண்களிடம் தங்க நகை கேட்டது அரசு. நன்கொடை என்றுதான் பெயர். உளவாளிகள் வீட்டுக்கு வீடு கண்வைத்திருக்கும் நாட்டில் வளையலைக் கழற்ற மாட்டேன் என்று எவள் சொல்லியிருப்பாள்?

அந்த நகைகளை வைத்து எட்டாண்டு போர் நடத்த முடியாது. குவைத்தும் சவூதியும் அள்ளிக் கொடுத்தன. பிரான்சும் சோவியத் ஒன்றியமும் ஆயுதங்களைக் கடனுக்கு விற்றன. அமெரிக்கா தானியம் வாங்கக் கடன் உத்தரவாதம் தந்தது. சோற்றுச் செலவு மிச்சமானால் துப்பாக்கிச் செலவுக்கு ஆகும் என்பது தெரியாதவர்களா அவர்கள்? 1988 மார்ச்சில் இராக்கின் ஹலப்ஜா நகரில் குர்து மக்கள் ஆயிரக்கணக்கில் சதாம் படை வீசிய நச்சுவாயுவுக்குப் பலியானார்கள். மறு ஆண்டே வாஷிங்டன் மேலும் 100 கோடி டாலர் உத்தரவாதத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதை அறியாமை என்று யாரும் வாதாட முடியாது.

போர் ஓய்ந்தபோது ஏறத்தாழ 8,000 கோடி டாலர் கடன். பெரும்படையைக் கலைத்தால் வேலை கொடுக்க வழியில்லை; வைத்திருந்தால் சம்பளத்துக்குப் பணமில்லை. எண்ணெய் விலையோ சரிந்துகொண்டிருந்தது. கடனைத் தள்ளுபடி செய்யுங்கள், எண்ணெய் உற்பத்தியைக் குறையுங்கள் என்று குவைத்தை மிரட்டினார் சதாம். குவைத் மசியவில்லை. கடன் கொடுத்தவனையே விழுங்கிவிட்டால் கடன் தீரும் என்று அவர் கணக்குப் போட்டார்.

பில் யாருக்குப் போனது? குவைத் படையெடுப்புக்காக இராக்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் தினாரின் மதிப்பு சிதைந்து, மாதச் சம்பளம் சில டாலருக்குச் சுருங்கியது. படித்தவர்கள் தங்கள் சொந்த நூல்களை பாக்தாதின் முத்தனப்பி தெருவில் பரப்பி விற்றார்கள். உணவுக்கும் மருந்துக்கும் என்று ஐ.நா. அனுமதித்த எண்ணெய் வருமானத்திலேயே, 1996 முதல் நான்கு ஆண்டுகள், நூற்றுக்கு 30 படையெடுப்பால் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டு நிதிக்குப் பிடிக்கப்பட்டது. குவைத்தில் பிழைப்பை இழந்து ஓடிவந்த இந்தியத் தொழிலாளர்களுக்கும் அந்த நிதியிலிருந்து பணம் வந்தது, அது நியாயமே. ஆனால் மிகப்பெரிய தொகை, 1,470 கோடி டாலர், குவைத்தின் அரசு எண்ணெய் நிறுவனத்துக்கு. இராக் மொத்தம் 5,240 கோடி டாலர் கட்டி முடிக்க 2022 ஆனது. சதாம் தூக்கிலிடப்பட்டு 15 ஆண்டுகள் கழிந்திருந்தன. அன்றைய இராக்கியரில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தப் போருக்குப் பின் பிறந்தவர்கள்.

2004இல், கடன் கொடுத்த அரசுகளின் குழுவான பாரிஸ் கிளப்பின் நாடுகள் தங்கள் கடனில் 80 விழுக்காட்டைத் தள்ளுபடி செய்தன. அதைப் பெருந்தன்மை என்று பாராட்ட நாம் தயாரில்லை. ஒரு கொடுங்கோலனின் போருக்குத் தெரிந்தே கொடுத்த கடனை மக்களிடம் வசூலிக்க அவற்றுக்கு உரிமையே கிடையாது. மீதி 20 விழுக்காட்டையும் கேட்டிருக்கக் கூடாது.