பாலிசியில் என் நம்பர்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கோணாமேட்டு அண்ணன் போன் செய்தார். லோடு ஆட்டோ வைத்திருக்கிறார். ஜாப் ஒர்க் ஷெட்டுகளில் தைத்து முடித்த ஷூ அப்பர்களை மூட்டை கட்டி ஆம்பூர் கம்பெனிகளில் இறக்குவது அவர் வேலை. பைபாஸில் போலீஸ் வண்டியை நிறுத்திப் பேப்பர் கேட்டிருக்கிறார்கள். இன்சூரன்ஸ் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. 2,000 ரூபாய் அபராதம். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நீ சொல்லுவேன்னு இருந்தேன் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

அந்தப் பன்னிரண்டு நாளில் அவர் தினமும் ஓட்டியிருக்கிறார். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கச்சேரி ரோடு வழியாக. யார் மேலாவது வண்டி பட்டிருந்தால், தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு முழுவதும் அவர் தலையில்தான் விழுந்திருக்கும். அவரிடம் இருப்பது அந்த வண்டியும் ஓர் ஓட்டு வீடும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனி நினைவூட்டாமல் இல்லை. எஸ்.எம்.எஸ். அனுப்பத்தான் செய்தது. ஆனால் நான் போட்டுக் கொடுத்த அந்தப் பாலிசியில் இருந்தது அவர் நம்பர் இல்லை, என் நம்பர். தொழிலுக்கென்று தனியாக வைத்திருந்த சிம். வேலை மாறியதும் அதற்கு ரீசார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டேன்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாலிசி போடும்போது ஓ.டி.பி. வரும். கஸ்டமர் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், அல்லது மெஷினில் உட்கார்ந்திருப்பார். அவரைக் கூப்பிட்டு, அவர் கண்ணாடியைத் தேடி, ஆறு இலக்கத்தைப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். நம் நம்பரைப் போட்டால் அரை நிமிடத்தில் வேலை ஆகிவிடும். அவருக்கும் அதுவே சௌகரியம். "எல்லாம் தம்பி பார்த்துக்குவான்." அந்தத் தம்பி இருக்கும்வரை அதனால் ஒரு தொல்லையும் வராது.

2016-லிருந்து நான் பி.ஓ.எஸ்.பி.யாக, அதாவது பாயின்ட் ஆஃப் சேல்ஸ் பெர்சனாக இருந்தேன். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அதற்கு முந்தைய வருஷம்தான் இந்த வழியைத் திறந்தது. பத்தாம் வகுப்பு படித்திருந்தால் போதும், 15 மணி நேரப் பயிற்சி, ஒரு பரீட்சை. ஒரு புரோக்கர் நிறுவனத்தின் கீழ் பெயரைப் பதிந்துகொண்டால் அவர்கள் கையிலிருக்கும் எல்லாக் கம்பெனி பாலிசியும் போடலாம். வண்டி நம்பரைத் தட்டினால் எட்டு கம்பெனி விலை வரிசையாக வந்து நிற்கும். "எது கம்மி?" என்பார்கள். அதைப் போட்டுக் கொடுப்பேன். பெரிய தோல் ஷாப்புகளின் தீ விபத்து பாலிசியெல்லாம் என்னைப் போன்றவர்கள் கைக்கு வராது. டூவீலர், லோடு ஆட்டோ, பழைய கார், குடும்பத்துக்கு ஒரு ஹெல்த் பாலிசி, இவ்வளவுதான் என் உலகம்.

விலை கேட்கும்போது எட்டு கம்பெனியும் என் கையில் இருந்தன. வண்டி மோதி ரோட்டோரம் நிற்கும்போது ஒன்றுகூட இல்லை. அவருக்கு என்ன டோல் ஃப்ரீ நம்பரோ அதுதான் எனக்கும். சர்வேயர் யார், எப்போது வருவார், ஃபைல் எந்த மேசையில் இருக்கிறது, ஒன்றும் தெரியாது. ஒன்பது வருஷம் இப்படிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றது போதும் என்றுதான் ஒரே பொதுக் காப்பீட்டுக் கம்பெனிக்கு நேரடி ஏஜென்டாக மாறினேன். இன்று கிளெய்ம் என்றால் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரியும். அந்த வகையில் எடுத்த முடிவு சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கொடுத்த விலையும் சின்னதில்லை. 1938-ஆம் வருஷ இன்சூரன்ஸ் சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி ஓர் ஏஜென்ட் ஓர் ஆயுள் கம்பெனி, ஒரு பொதுக் காப்பீட்டுக் கம்பெனி, ஒரு தனி ஹெல்த் கம்பெனி என்று வகைக்கு ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம். மீறினால் அவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், நியமித்த கம்பெனிக்கு 1 கோடி வரை. சட்டத்தின் கண்ணில் புரோக்கர் கஸ்டமர் பக்கத்து ஆள், ஏஜென்ட் கம்பெனி பக்கத்து ஆள். நான் பக்கம் மாறியிருக்கிறேன். இனி என்னிடம் வண்டிக்கு எட்டு விலை இருக்காது, ஒரே விலைதான். இதைக் கஸ்டமரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியது என் கடமை. சொல்லாமல் பழையபடியே "இதுதான் கம்மி" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அது பொய்.

மாறுவதற்கான காகித வேலை பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய இடத்துக்கு ஒரு கடிதம், அவர்கள் தரும் என்.ஓ.சி., ஐ.டி. கார்டைத் திருப்பிக் கொடுத்தல். ஹைதராபாத்தில் இருக்கும் இன்சூரன்ஸ் தகவல் பீரோவின் பட்டியலில் நம் பான் எண் பழைய புரோக்கரோடு கோத்திருக்கும். அதை அவிழ்த்துவிட வேண்டும். "டேக் எடுத்தாச்சா?" என்று புதிய இடத்தில் முதல் கேள்வியே அதுதான். ஏஜென்டாக இருந்து அதே வகை இன்னொரு கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு வழி இன்னும் நீளம். 2016 விதிகளின்படி நியமனக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்த 15 நாளுக்குள் கம்பெனி ஐ-சி என்ற படிவத்தில் விலகல் சான்று தர வேண்டும். அந்தச் சான்று கிடைத்து 90 நாள் கழிந்த பிறகுதான் அடுத்த கம்பெனி விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும். அந்த மூன்று மாதமும் ஏஜென்ட் கோடு இல்லாத ஆள்.

நான் கையெழுத்துப் போட்ட தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். என் பான் எண், என் வங்கிக் கணக்கு, எனக்கு வரவேண்டிய பாக்கி கமிஷன், நான் திருப்பித் தரவேண்டிய பொருள்கள். கோணாமேட்டு அண்ணனைப் பற்றி அவற்றில் ஒரு வரிகூட இல்லை. என் நியமனத்தை நான் சுத்தமாக முடித்துக்கொண்டேன். அவரிடம் முடித்துக்கொள்ளவில்லை.

அமெரிக்காவில் ஏஜென்ட் கம்பெனி மாறுவது வேறு மாதிரி. அங்கே சுயேச்சை ஏஜென்ட் ஒரே நேரத்தில் பல கம்பெனிகளின் நியமனத்தை வைத்திருக்கலாம். அவர் ஸ்டேட் ஃபார்ம் போல ஒரே கம்பெனிக்கு என்று போகும்போது பழைய நியமனங்களை ஒவ்வொன்றாக முடிக்க வேண்டும். கம்பெனிகளும் மாநில இன்சூரன்ஸ் துறைக்குத் தகவல் தர வேண்டும். ஆனால் அங்கே பெரிய வழக்கெல்லாம் கஸ்டமர் நோட்டைப் பற்றித்தான். எந்தக் கஸ்டமருக்கு எந்தத் தேதியில் பாலிசி முடிகிறது என்ற பட்டியல் யாருக்குச் சொந்தம்? சுயேச்சை ஏஜென்ட் என்றால் அது அவருடைய சொத்து. தொழிலை விட்டுப் போகும்போது நல்ல விலைக்கு விற்கவும் செய்வார். ஒரே கம்பெனி ஏஜென்ட் என்றால் பெரும்பாலும் கம்பெனியுடையது.

என்னிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. நீல அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு. பெயர், வண்டி நம்பர், முடிகிற தேதி, அதன் பக்கத்தில் எனக்கு மட்டும் புரிகிற அடையாளங்கள்: "பள்ளிவாசல் சந்து, பச்சை கேட்", "சம்பளம் 7-ந் தேதிக்கு மேல்", "ராத்திரிதான் இருப்பார்". மொத்தம் 214 பேர். புதிய இடத்தில் சேர்ந்த அன்றே மேலதிகாரி ஒருவர் கேட்டார், "லிஸ்ட் இருக்கா சார்? அப்படியே நம்ம பக்கம் திருப்பிடலாம்." அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தொழிலில் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். அந்தக் கேள்வி கேட்ட நேரத்திலிருந்து நோட்டு எனக்குக் கனக்க ஆரம்பித்தது. அந்தத் தேதிகள் என்னுடையவை இல்லை, கம்பெனியுடையவையும் இல்லை. வண்டிக்காரருடையவை. நான் எழுதி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

இன்சூரன்ஸ்காரர்கள் ஒட்டுமொத்தமாகக் கம்பெனி மாறிய ஒரு காலம் நம் நாட்டிலும் இருந்தது. 1956 ஜனவரியில் மத்திய அரசு ஆயுள் காப்பீட்டைத் தன் கையில் எடுத்தது. 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றாகி, செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. மவுண்ட் ரோட்டில் நிற்கும் எல்.ஐ.சி. கட்டடமே எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தம்முடைய யுனைடெட் இந்தியா லைஃப் கம்பெனிக்கென்று தொடங்கியதுதான். 1959-ல் அது திறக்கப்பட்டபோது கம்பெனியும் இல்லை, செட்டியாரும் இல்லை. கட்டடத்தின் பெயர் மாறிவிட்டது. பாலிசிதாரருக்கு மட்டும் ஒன்றும் அறுந்துபோகவில்லை. பழைய கம்பெனிகளின் பொறுப்பு முழுவதையும் சட்டமே எல்.ஐ.சி. தோளில் ஏற்றியது. எப்போது படித்தாலும் அந்த ஏற்பாடு என்னை நெகிழச் செய்கிறது. இன்று ஒரு தனி ஏஜென்ட் மாறும்போது அந்த வேலையை அவர்தான் வீடுவீடாகப் போய்ச் செய்தாக வேண்டும். அப்படிச் செய்யாமல் விடப்பட்ட பாலிசிக்கு எங்கள் தொழிலில் அநாதை பாலிசி என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டுப் பழகிவிட்டோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

எல்.ஐ.சி. ஏஜென்டுகள் பட்ட சிரமத்தையும் சொல்ல வேண்டும். விலகிப் போய் மறுபடி வந்து சேர்ந்தவர்களுக்கு, பழைய ஏஜென்சியில் பிடித்த பாலிசிகளின் புதுப்பிப்புக் கமிஷன் கிடைக்காமல் இருந்தது. 2023 செப்டம்பரில்தான் அரசு அதை மாற்றி அறிவித்தது. 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிற தொழில் அது. கமிஷன் நின்ற வீட்டுக்கு ஏஜென்ட் நடந்து போவது குறையும் என்பது இயற்கை. அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கடைசியாக ஒரு தடவை நடக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெருமாள்பேட்டையில் ஒரு அக்கா, வீட்டு முன்கட்டில் நான்கு மெஷின் போட்டு அப்பர் தைக்கிறார். சுகர் இருக்கிறது. ஹெல்த் பாலிசி எடுத்து இது மூன்றாவது வருஷம். ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் முடியும் தறுவாயில் இருக்கிறது. அவரை என் புதிய கம்பெனிக்கு மாற்றலாம். போர்ட்டிங் என்று வழி இருக்கிறது. புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்னால் விண்ணப்பித்தால் காத்திருந்த வருஷங்கள் கணக்கில் வரும். ஆனால் புதிய கம்பெனி அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றும் சொல்லலாம். அந்த இழுபறியில் தேதி தவறினால்? வருஷத்துக்கு ஒருமுறை பிரீமியம் கட்டுகிறவருக்கு 30 நாள் சலுகை உண்டு, தொடர்ச்சி அறாது. ஆனால் அந்த இடைநாளில் ஆஸ்பத்திரியில் படுத்தால் பணம் வராது. பழைய கம்பெனியிலேயே இருங்கள் அக்கா என்றேன்.

"அப்போ உனக்கு இதுல ஒண்ணும் வராதா?"

"வராதுக்கா."

"அப்புறம் ஏன் இவ்ளோ தூரம் வந்தே?"

மெஷினை நிறுத்திவிட்டு, விரலில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து வந்தார். கம்பெனி பக்கத்தைத் திறந்து, பாலிசி எண்ணைப் போட்டு, என் நம்பரை எடுத்துவிட்டு அவர் நம்பரைச் சேர்த்தேன். ஓ.டி.பி. அவர் போனுக்கு வந்தது. "எனக்கே வருதே" என்றார். மூன்று வருஷமாகப் பணம் கட்டியவருக்கு அவர் பாலிசியிலிருந்து வந்த முதல் செய்தி அது. எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. அதனால் தோல் மண்டிக்காரர் கொடுத்த தினசரி காலண்டரில் கட்ட வேண்டிய தேதிக்கு ஒரு மாதம் முன்னாலிருக்கும் தாளைத் தேடி மடித்து வைத்து, கம்பெனி பெயர், போன் நம்பர், தொகை மூன்றையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

முஸ்லிம்பூரில் ஒரு பாய், பழைய கார். கிளெய்மே இல்லாமல் ஓட்டி நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதத்தைத் தொட்டிருக்கிறார். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் அது போய்விடும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அவ்வளவு வருஷமும் நான் அதைச் சொல்லியதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை என்று நினைத்திருந்தேன். "நீ ஒரு கம்பெனிதானே இப்ப? நான் வேற எடத்துல விலை கேக்கலாமா தம்பி?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கேளுங்கள் பாய், கேட்டுவிட்டு எனக்கும் சொல்லுங்கள் என்றேன்.

இதைப் படிக்கிறவர்கள் இன்று ராத்திரி பீரோவிலிருந்து பாலிசித் தாளை எடுத்து அதில் யார் போன் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் நம்பர் இல்லை என்றால் கம்பெனிக்கு நேரே போன் செய்து மாற்றச் சொல்லுங்கள். ஏஜென்ட் வருத்தப்படுவார் என்று தயங்காதீர்கள். நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கும் உடம்புக்கு முடியாமல் போகும், ஊர் மாறும், கம்பெனி மாறும்.

கோணாமேட்டு அண்ணனுக்கு அன்றே மூன்றாம் நபர் பாலிசி போட ஏற்பாடு செய்தேன், இந்தத் தடவை அவர் நம்பரில். அபராதத் தொகையை நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார். வண்டி டேஷ்போர்டில் முடிகிற தேதியை எழுதி ஒட்டச் சொன்னார், ஒட்டினேன். நோட்டில் 163 பேருக்கு டிக் விழுந்திருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வளையாம்பட்டு, அங்கிருந்து செட்டியப்பனூர்.