சென்னைக்குப் போற மூட்டைக்கு என்ன விலை?

போன மாசம் சென்னை போயிட்டு வந்தேன். வந்ததுலேருந்து ஒரு கணக்கு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. அதை எழுதி இறக்கி வச்சிடலாம்னுதான் இந்தப் பதிவு.

மூத்தவன் மேடவாக்கத்துல குடியிருக்கான். பழைய மகாபலிபுரம் ரோட்டுல ஒரு கம்பெனியில வேலை, மாசம் 32,000 சம்பளம். இதை ஊர்ல சொன்னா, "ஒனக்கென்னப்பா, பையன் சென்னையில கைநிறைய வாங்குறான்"னு சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன்.

எப்ப போனாலும் வெறுங்கையோட போறதில்லை. எங்க வீட்டுல ரெண்டு நாளைக்கு முன்னாடியே மூட்டை கட்ட ஆரம்பிச்சிடுவாங்க. 25 கிலோ அரிசி, செக்குல ஆட்டுன கடலெண்ணெய் 5 லிட்டர், உளுந்து, துவரை, புளி, மிளகாய், மல்லி, நம்ம கொல்லையில விளைஞ்ச முந்திரிப்பருப்பு ஒரு கிலோ. அரியலூர்ல ரயிலேறி தாம்பரத்துல இறங்கி, அங்கேருந்து பஸ்ஸு. நான் போகாத மாசம் பார்சல் சர்வீஸ்ல போட்டு விடுவோம்.

இந்த தடவை ராத்திரி சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கும்போது பையன் ஒரு நோட்டை எடுத்துக் காட்டுனான். மாசக் கணக்கு. வாடகை 13,000. மெயின்டனன்ஸ் 1,500. கரண்டு 1,400. தண்ணி கேன் 500. வண்டித் தவணையும் பெட்ரோலும் 4,500. பேரப்பிள்ளைக்கு ஸ்கூலும் வேனும் 4,000. பால், காய்கறி, கேஸ் 5,000. போனு, நெட்டு 1,000. கூட்டிப் பாத்தேன், 30,900. மிச்சம் 1,100 ரூபா. புள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தா அதுவும் போச்சு.

இந்தக் கரண்டு கணக்குல ஒண்ணு பாருங்க. வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு அரசாங்கம் குடுக்குது. வீட்டுக்காரர் தனி மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு 9 ரூபான்னு வசூல் பண்றார். இலவசம் யாருக்குப் போவுதுன்னு நீங்களே சொல்லுங்க.

நான் சும்மா இல்லாம, "அரிசி, எண்ணெய் எல்லாம் நோட்டுல காணோமேப்பா"ன்னு கேட்டேன். மருமவ சிரிச்சிட்டு, "அதான் நீங்க கொண்டாந்துடுறீங்களே மாமா"ன்னுச்சு. அதையே செல்போன்ல கடை விலை பாக்கச் சொன்னேன். அரிசி 1,500, எண்ணெய் 1,400, உளுந்தும் துவரையும் 600, முந்திரி 900, புளி மிளகாய் மல்லி 500. மொத்தம் 4,900 ரூபா. மூட்டை மட்டும் போவலைன்னா பையன் மாசம் 3,800 ரூபா கடன்ல நிப்பான்.

இத்தனை வருசமா அதைப் பாசம்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். பாசந்தான், இல்லைங்கல. ஆனா சென்னையில அவன் கம்பெனி குடுக்குற சம்பளம் பத்தாம, மீதியை செந்துறையில இருக்குற நான் குடுக்குறேன். அந்தக் கம்பெனிக்கு என் பேரே தெரியாது.

மூட்டை ஓசியில விளையுதா? 2025-26க்கு சன்ன ரக நெல்லுக்கு அரசு கொள்முதல் நிலையத்துல குவிண்டாலுக்கு 2,545 ரூபா. கிலோ 25 ரூபா சொச்சம். நாத்து நட, களை எடுக்க ஆள் கூலி, உரம், அறுப்பு மிஷின் வாடகை எல்லாம் அதுக்குள்ளதான். எங்க உழைப்புக்கு நோட்டுல எந்தப் பக்கத்துலயும் வரவு கிடையாது.

யோசிச்சா, எங்க ஊர்லேருந்து போறது மூட்டை மட்டும் இல்லை. எங்க மாவட்டமே சுண்ணாம்புக்கல் பூமி. அரியலூர்ல அரசு சிமெண்ட் ஆலை இருக்கு, சுத்தி தனியார் ஆலைங்க இருக்கு. தோண்டுன பள்ளம் எங்களுக்கு, லாரி கிளப்புற புழுதி எங்களுக்கு. அந்த சிமெண்ட்டுல கட்டுன வீட்டுக்குத்தான் என் பையன் 13,000 வாடகை குடுக்குறான். தண்ணியும் அப்படித்தான். எங்க மாவட்டத்தோட தெக்கு எல்லையில கொள்ளிடம் ஓடுது. அந்தத் தண்ணி அணைக்கரையில பிரிஞ்சு வடவாறு வழியா வீராணம் ஏரிக்குப் போயி, அங்கேருந்து 200 கிலோமீட்டருக்கு மேல குழாய்ல சென்னைக்குப் போவுது. 2004லேருந்து இது நடக்குது. 2019 கோடையில ஏரியெல்லாம் காஞ்சப்ப ஜோலார்பேட்டையிலேருந்து ரயில்ல தண்ணி கொண்டு போனாங்க. கடலோரத்துல உக்காந்துக்கிட்டு கேன் தண்ணிக்கு மாசம் 500 குடுக்குற ஊரு அது.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. பேரனைக் கூட்டிக்கிட்டு பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனோம். நல்ல காத்து. சென்னையில காசு குடுக்காம கெடச்சது அந்தக் காத்து ஒண்ணுதான். அந்தப் பக்கம் வீடு பாக்கலாமேன்னு வெள்ளந்தியா கேட்டேன். "கடலுக்குக் கிட்ட போகப் போக வாடகை ஏறும்ப்பா, இங்க ஒரு வீட்டு வாடகை என் முழுச் சம்பளம்"ன்னான். சுண்டல் விக்கிற அம்மா ஒருத்தவங்ககிட்ட பேச்சு குடுத்தேன். கண்ணகி நகர்லேருந்து வர்றாங்களாம். முன்னாடி ஊருக்குள்ள ஆத்தோரமா குடிசையில இருந்தவங்க, அங்க கொண்டுபோய் விட்டுட்டாங்க. "பொழப்பு இங்க, வீடு அங்க"ன்னாங்க. "சொந்த ஊரு எதும்மா"ன்னேன். "இதான்யா சொந்த ஊரு"ன்னாங்க. எனக்கு சுருக்குன்னுச்சு. என் பையனுக்காவது மாசாமாசம் மூட்டை வருது. மூட்டை வராத சனம் அந்த ஊர்ல எப்படிச் சமாளிக்குது?

ஊருக்குக் கிளம்புற அன்னைக்குத்தான் பையன் மெதுவா விசயத்துக்கு வந்தான். வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டார். புது வீட்டுக்கு பத்து மாச வாடகை அட்வான்ஸ், 1,30,000. புரோக்கருக்கு ஒரு மாச வாடகை. பழைய வீட்டு அட்வான்ஸ்ல வெள்ளையடிக்கன்னு 12,000 புடிச்சுக்குவாங்களாம். 2019லேருந்து நடப்புல இருக்குற வாடகைச் சட்டத்துல மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கேக்கக் கூடாதுன்னு இருக்கு. ஆனா ரெண்டு பேரும் வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கலாம்னு அதுலயே ஒரு வழியும் விட்டு வச்சிருக்காங்க. வீடு தேடுறவன் எதுக்குத்தான் ஒத்துக்க மாட்டான்?

"அப்பா, கோவிச்சுக்காதீங்க. அந்த முந்திரிக்கொல்லையை வித்துட்டா ஒரு பிளாட்டுக்கு முன்பணம் கட்டிடலாம். வாடகைக்குக் குடுக்குறதை தவணையா கட்டிட்டுப் போறேன்"னான்.

எனக்கு கோவம் வரலை. அவன் சின்னப் பையனா இருக்கும்போது, "படிச்சு பட்டணம் போயிடுடா, இந்த மண்ணுல கெடந்து மடியாத"ன்னு சொன்னவனே நான்தான். ஆனா அந்தக் கொல்லை ஒரு காணி. எங்க தாத்தா கன்னு வச்சது. அதை வித்துக் குடுத்தா சென்னையில ஒரு ஹால் அளவு இடம் வருமா? கொல்லை போச்சுன்னா மூட்டை பாதியாகிப் போவும். தவணைக்குன்னு வித்துட்டு, சோத்துக்கு என்ன பண்றதுன்னு கேட்டேன். அவன் பதில் சொல்லலை.

இப்போதைக்கு எங்க வீட்டுல அவங்க சங்கிலியைக் கழட்டிக் குடுத்தாங்க. அடகு வச்சு அட்வான்ஸ் கட்டியாச்சு. கொல்லையை விக்கலை.

என் கருத்தைச் சொல்லிடுறேன். சம்பளம் எவ்வளவுன்னு பாக்காதீங்க. வாடகை, மெயின்டனன்ஸ், கேன் தண்ணி, இந்த மூணையும் கழிச்சா என் பையனோட 32,000, 17,000 ஆயிடுது. அந்த 17,000 வேலை எங்க மாவட்டத்துலயே இருந்தா, அவன் சொந்த வீட்டுல படுத்து எந்திரிப்பான். எங்க முந்திரிக்கொட்டையை பண்ருட்டிக்கு ஏத்தி விடுறோம், அங்க உடைச்சுப் பருப்பாக்கி விக்கிறாங்க. அதை செந்துறையிலயே உடைச்சா எத்தனை பேருக்கு வேலை? 2024 நவம்பர்ல ஜெயங்கொண்டம் பக்கம் மகிமைபுரத்துல காலணித் தொழிற்சாலைக்கு முதலமைச்சர் அடிக்கல் நாட்டுனார். அந்த மாதிரி இன்னும் நாலு வரணும். கல்லை இங்கேருந்து எடுக்குறவங்க, வேலையை மட்டும் ஏன் அங்க வைக்கணும்?

பட்டணம் வேணாம்னு நான் சொல்லலை. ஆஸ்பத்திரி, படிப்பு, பொம்பளைங்க தனியா தைரியமா வேலைக்குப் போயி வர்றது எல்லாம் அங்க இருக்கு. மருமவ அதைத்தான் சொல்லுது, அது சொல்றதும் நியாயம்தான்.

இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேரு வீட்டுக்கு ஊர்லேருந்து மூட்டை வரும். அடுத்த தடவை வரும்போது பிரிச்சு உள்ள வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தாள் எடுத்து கடை விலை போட்டுப் பாருங்க. அந்தத் தொகையை உங்க சம்பளத்துக்குப் பக்கத்துல எழுதுங்க. அப்புறம் ஊருக்கு ஒரு போன் போட்டு, கொல்லையில எப்படி, மழை பெஞ்சுதான்னு ஒரு வார்த்தை கேளுங்க.