இடுப்பை மட்டும் படம் பிடிக்கும் புத்திசாலிகள்

"கால் மரத்துப் போகுதா? இடுப்புக்கு ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துடுங்க." இதைக் கேட்டாலே இப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வருது மக்களே.

தண்டுவடம் முதல் இடுப்பெலும்புகிட்டயே முடிஞ்சிடுது. அதுக்குக் கீழ நரம்புக் கத்தைதான். புற்றுநோய் தண்டுவடத்தை அமுக்கறது பெரும்பாலும் நெஞ்சுப் பகுதி முதுகெலும்புல. கால் மரத்துப்போச்சுன்னு இடுப்பை மட்டும் பாக்கறது, தண்ணி வரலைன்னா மோட்டாரை விட்டுட்டுக் குழாயைக் கழட்டற கதை.

என் சித்தப்பாவுக்கு 2017ல லிம்ஃபோமா. கீமோ முடிஞ்சு நல்லாத்தான் இருந்தார். 2019ல முதுகுவலி. படுத்தா கூடும், உக்காந்தே தூங்குவார். எக்ஸ்ரே 'நார்மல்'. வராம என்ன செய்யும்? எலும்புத் தாது 30லேருந்து 50 சதவீதம் கரைஞ்சாத்தான் எக்ஸ்ரேல தெரியும். லிம்ஃபோமா இன்னும் கில்லாடி. எலும்போட வெளிச்சுவரை இடிக்காமலே மஜ்ஜைல பரவும், நரம்பு வெளிய வர்ற துளை வழியா உள்ள புகுந்து தண்டுவடத்தையும் அமுக்கும்.

அப்புறம் இடுப்பு எம்.ஆர்.ஐ. 'டிஸ்க் பல்ஜ்'னு ரிப்போர்ட். வலியே இல்லாத 50 வயசுக்காரங்களை ஸ்கேன் பண்ணாலும் பாதிக்கு மேல அது இருக்கும் சாமி! பெல்ட், பிசியோதெரபின்னு மூணு வாரம் போச்சு. கால் இழுக்க ஆரம்பிச்சப்பறம்தான் முழு முதுகெலும்பையும் எடுத்தாங்க. நெஞ்சுப் பகுதில ரெண்டு எலும்பு கன்னங்கரேல்னு இருந்துச்சு.

ஸ்கேன் சீட்டுல 'முன்னாடி லிம்ஃபோமா'ன்னு ஒரு வார்த்தை எழுதல. படம் பாக்கற ரேடியாலஜிஸ்ட் என்ன ஜோசியரா?

எல்லா முதுகுவலிக்கும் ஸ்கேன் எடுங்கன்னு நான் சொல்லல (சொன்னா ஸ்கேன் சென்டர்காரங்க மாலை போடுவாங்க). ஏற்கனவே புற்றுநோய் வந்தவங்களுக்கு ராத்திரி வலி, கால் தளர்ச்சி, சிறுநீர் கட்டுப்படலைன்னா கழுத்துலேருந்து வால் எலும்பு வரை எடுக்கணும். பிரிட்டனோட நைஸ் அமைப்பு 2023ல வெளியிட்ட வழிகாட்டி, தண்டுவடம் அமுங்கியிருக்குன்னு சந்தேகம் வந்தா 24 மணி நேரத்துக்குள்ள எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுது. நாம மூணு வாரம் பெல்ட் கட்டறோம்! நடமாட்டம் இருக்கும்போதே சிகிச்சை ஆரம்பிச்சவங்கதான் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கறாங்க. சித்தப்பா இப்ப வாக்கர்ல.

டிஸ்கி: 'ஸ்கிரீனிங்'னு டி2 படம் மட்டும் எடுத்தா விட்டுடாதீங்க. டி1 கேளுங்க. பெரியவங்க மஜ்ஜைல கொழுப்பு இருக்கறதால அதுல வெளுப்பாத் தெரியும், கட்டி புகுந்த இடம் கருக்கும். சிகிச்சை முடிச்சவங்க பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரு பைல போட்டு, ஸ்கேனுக்குப் போறப்ப கையோட எடுத்துட்டுப் போங்க.