டிஸ்க் மட்டும் போதுமா?



சூளை வெப்பத்தை உள்ளே காக்க வேண்டும். காரின் பிரேக்கோ அதனை வெளியே விட வேண்டும். பீங்கான் தொழிலறிந்த விருத்தாசலத்தார்க்கு இது எளிதில் விளங்கும்.

பழைய அம்பாசிடரை நோக்குங்கள். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். நெடிய மலையிறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு அகலும், பெடல் தாழும், பிடிப்புக் குன்றும். டிஸ்க்கோ திறந்த காற்றில் சுழல்வதால் விரைவில் ஆறும். 1953-இல் லெ மான் பந்தயத்தில் வென்ற ஜாகுவார் காரில் இருந்தது இதுவே.

ஆதலின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பொருத்த விழைவது நன்றே. ஆயினும் டிஸ்க் மட்டும் வாங்கினால் போதாது. டிரம்மின் சுழற்சியே ஷூவை இழுத்து அழுத்தத் துணைபுரியும். டிஸ்க்கில் அத்துணை இல்லை. எனவே பூஸ்டர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டரும் ஏற்ற அளவினதாதல் வேண்டும். டிரம்முக்கென அழுத்தத்தைத் தேக்கும் வால்வை அப்படியே விட்டால், டிஸ்க்கின் பேடு விலகாது உரசும். முன்பின் அழுத்தம் ஒவ்வாது பின்சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிக.

செலவுக்கஞ்சிப் பாதி வேலை செய்வதினும், உள்ள டிரம்மைச் செவ்வனே பேணுவது மேல். பின்னிருக்கையில் அமர்வோர் நம் பிள்ளைகளல்லவா?